தோவாளைப் பூக்கடைக்கு ஒரு கிளவுட் டேட்டாபேஸ்

தோவாளைப் பூச்சந்தை சூடுபிடிக்கும் நேரத்தில் பெரும்பாலான அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும். கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில், டேட்டாபேஸ் உருவாக்கும் திரையை வடிவமைத்தவர்கள் அந்த அலுவலக உலகத்துக்காரர்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு யாரும் வேலை செய்யமாட்டார்கள், பராமரிப்பை அப்போது வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. டேட்டாபேஸ் உருவாக்குவது கால் மணி நேர வேலைதான். அந்தத் திரையில் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் விடைகளில் எது நம் கடைக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது என்று பார்ப்பதில்தான் யோசனை வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு கடை வேண்டுமே. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், தோவாளையில் ஒரு பூக் கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகள் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, கொழுந்து என்று கொண்டுவந்து போடுகிறார்கள். கடைக்காரர் எடை போட்டு விற்றுக் கொடுத்து, கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை விவசாயிக்குத் தருகிறார். வாங்குகிறவர்களில் உள்ளூரில் மாலை கட்டுபவரும் உண்டு, திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏற்றுபவரும் உண்டு. ரொக்கமும் உண்டு, கடனும் உண்டு. எல்லாம் இப்போது நோட்டுகளில் இருக்கிறது. பொறியியல் படித்த மகன் ஒரு பில்லிங் செயலி எழுதிவிட்டார். அதன் பின்னால் நிற்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும்.

டேபிள்கள்

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற எண்ணத்தை 1970இல் முன்வைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட். தகவலை டேபிள்களாகப் பிரித்து வை. ஒவ்வொரு வரிசைக்கும் அதை மட்டுமே குறிக்கும் ஓர் எண் கொடு. ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் திரும்ப எழுதாமல் அந்த எண்ணை மட்டும் குறி. தொடங்குகிறவருக்கு இவ்வளவு போதும்.

நோட்டில் 'முருகன், பிச்சி 4 கிலோ' என்று இருந்தால் எந்த முருகன்? செண்பகராமன்புதூர் முருகனா, ஆரல்வாய்மொழி முருகனா? கடைக்காரருக்குத் தெரியும். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸில் 'விவசாயிகள்' டேபிளில் ஒருவர் 14, மற்றவர் 52. 'வரத்து' டேபிளில் பெயரே வராது, 14 என்றுதான் இருக்கும். 14ஆம் ஆள் போன் நம்பர் மாற்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். வரத்தில் வரும் எண் விவசாயிகள் டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒருமுறை விதி போட்டுவிட்டால் (ஃபாரின் கீ என்பார்கள்), அங்கே இல்லாத 99 என்ற எண்ணை வரத்தில் யாராவது அடித்தால் டேட்டாபேஸ் வாங்கிக்கொள்ளாது, பிழை என்று திருப்பி அனுப்பும். எக்செல் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு மறுப்புக்காகவே மாறலாம் என்பேன்.

புதிதாக டேபிள் போடுபவர்கள் சறுக்கும் இடம் விலை. 'பூ வகைகள்' டேபிளில் பிச்சிக்குப் பக்கத்திலேயே கிலோ விலையை எழுதிவிடத் தோன்றும். மளிகைக் கடைக்கு அது ஓரளவு சரி. பூவிலோ நான்கு மணி விலை ஏழு மணிக்கு நிற்காது. முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் விழும். விலையை வகை டேபிளில் மட்டும் வைத்து, அதைப் பார்த்து பில் தொகையைக் கணக்கிட்டால், இன்று விலையை மாற்றியதும் போன மாதத்துப் பில் எல்லாம் தானாக மாறிவிடும். ஆகவே விற்பனை நடந்த நொடியின் விலை அந்த விற்பனை வரிசையிலேயே உட்கார வேண்டும். இதைக் கிளவுட் செய்துதராது, எந்தக் கம்பெனியும் செய்துதராது. கடையைத் தெரிந்தவர் யோசித்து வைப்பது.

இன்னொன்று, ஒரு விற்பனை என்பது ஒரே சமயத்தில் பல இடத்தில் எழுதப்படும் கணக்கு. வாங்கியவர் பற்றில் ஏறும், விவசாயி வரவில் ஏறும், கமிஷன் தனியே ஏறும். முதலாவதை எழுதியதும் மின்சாரம் போய்விட்டால்? மூன்றையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்தால், மூன்றும் பதியும் அல்லது ஒன்றுமே பதியாது. நடுவில் தொங்காது. பணத்துக்கும் எடைக்கும் நியூமெரிக் வகையைத் தேர்ந்தெடுங்கள், ஃப்ளோட் வேண்டாம். ஃப்ளோட் தசம எண்ணை ஏறக்குறையத்தான் வைத்துக்கொள்ளும், பைசா மெல்லக் கசியும்.

மேனேஜ்டு என்றால் எது அவர்கள் வேலை, எது நம் வேலை

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் இலவச டேட்டாபேஸ் மென்பொருள்தான். கடை மேசைக்கடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதிலேயே நிறுவலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வட்டு கெட்டுப்போனால், கரண்ட் ஏறி இறங்கினால், யாராவது பென்டிரைவில் வைரஸ் கொண்டுவந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபின், பல ஊர்களில் கரண்ட் வர நாட்கணக்கானது. அதுபோன்ற ஒரு வாரத்தில் கூரை ஒழுகி மேசைக்கடியில் தண்ணீர் புகுந்தால் கணக்கு முழுவதும் அதோடு போகும்.

மேனேஜ்டு டேட்டாபேஸில் இயந்திரம், வட்டு, இயங்குதளம், டேட்டாபேஸ் மென்பொருளின் சிறு திருத்தங்கள், தினசரி பேக்கப் ஆகியவற்றை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அமேசானின் ஆர்டிஎஸ் 2009 முதல் இதைச் செய்கிறது. கூகுளில் கிளவுட் எஸ்கியூஎல், மைக்ரோசாஃப்டின் அஷூரிலும் இதற்கென்று சேவை உண்டு. நான் ஆர்டிஎஸை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றில் பட்டன்களின் பெயர் மாறும், கேள்விகள் இவையேதான்.

டேபிள் வடிவம், யாருக்கு என்ன அனுமதி, கடவுச்சொல், எந்த நேரம் பராமரிப்பு, எத்தனை நாள் பேக்கப், இவை உங்கள் பொறுப்பு. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒக்கி மாதிரி புயலில் கோபுரமும் சாயும், இணையமும் போகும். அன்றைக்கு கிளவுடில் பில் போட முடியாது. செயலியில் தற்காலிகமாகப் பதிந்து வைத்து, பிறகு அனுப்பும் வசதி வேண்டும், இல்லையென்றால் அன்று நோட்டுதான். பழைய கணக்கு பத்திரமாக இருக்கும் என்பதே கிளவுட் தரும் உறுதி.

திரையில் வரும் கேள்விகள்

முதலில் பிராந்தியம், அதாவது இயந்திரம் எந்த ஊரில் இருக்க வேண்டும். அமேசானுக்கு மும்பையில் 2016 முதல், ஹைதராபாத்தில் 2022 முதல் இருக்கிறது. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே உண்டு. திரையின் மேல்மூலையில் அமெரிக்க ஊர் ஏதாவது தெரிந்தால், வேறெதையும் தொடுமுன் அதை மாற்றுங்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ஒரு கேள்வி போய்த் திரும்பச் சில பத்து மில்லி விநாடி. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 200 மில்லி விநாடி அளவில் ஆகும். ஒரு பக்கத்தைக் காட்ட செயலி டேட்டாபேஸை ஒன்றன்பின் ஒன்றாக 20 முறை கேட்டால் நான்கு விநாடி அங்கேயே போயிற்று. செயலி ஓடும் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே பிராந்தியத்தில் இருக்கட்டும். பின்னால் இடம் மாற்றலாம், ஆனால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) எடுத்து, நகலெடுத்து, புதிதாக எழுப்பி என்று ஒரு நாள் பிழைப்பு கெடும்.

அடுத்து எஞ்சின், அதாவது எந்த டேட்டாபேஸ் மென்பொருள். உங்கள் செயலி எதற்கு எழுதப்பட்டதோ அது. இன்னும் முடிவாகவில்லை என்றால் போஸ்ட்கிரெஸ். பதிப்பில் மிகப் பழையதை எடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டுதான் ஆதரவு. அது முடிந்த பதிப்பை ஓட்டினால் ஆர்டிஎஸ் கூடுதல் கட்டணம் போடும்.

அளவில்தான் பலர் பயந்து பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1,000 பில், பில்லுக்கு 5 வரிசை என்று தாராளமாகவே வைத்தாலும் 5,000 வரிசை. 365 நாளுக்கு 18 லட்சத்து 25 ஆயிரம். ஒரு வரிசைக்கு 200 பைட் என்றால் ஆண்டுக்கு 365 எம்பி. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எல்லாம் சேர்த்து இரட்டித்தாலும் ஒரு ஜிபி வரவில்லை. ஆர்டிஎஸ் குறைந்தபட்சம் தரும் 20 ஜிபியே பல வருடம் தாங்கும். ஒரு ஜிபி நினைவகம் உள்ள மிகச் சிறிய இயந்திரம் இந்தக் கடைக்குப் போதும். வட்டைப் பிறகு கூட்டலாம், நேராகக் குறைக்க முடியாது. எனவே முதலில் சின்னதாகவே தொடங்குங்கள். ஓணம் சமயத்தில் அத்தப்பூ கோலத்துக்குக் கேரளத்திலிருந்து வியாபாரிகள் குவிந்து, சந்தை இரவெல்லாம் நடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே இயந்திரத்தை ஒரு படி பெரிதாக்கிவிட்டு, முடிந்தபின் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில நிமிடம் டேட்டாபேஸ் நிற்கும், அதைச் சந்தை இல்லாத மதியத்தில் செய்யுங்கள்.

சிறிய இயந்திரத்தில் ஒரே நேரத்தில் நூறுக்குள்தான் இணைப்புகள் தாங்கும். செயலி ஒவ்வொரு பில்லுக்கும் புது இணைப்பைத் திறந்து மூடாமல் விட்டால், ஆள் கூட்டமே இல்லாமல் டேட்டாபேஸ் 'இடமில்லை' என்று சொல்லும். பத்து இணைப்பைத் திறந்து வைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் பூல் ஒன்றைச் செயலியில் வைத்தால் தீர்ந்தது.

கதவு

'பொது அணுகல்' என்று ஒரு கேள்வி வரும். செயலியும் அதே கிளவுடில் ஓடுகிறது என்றால் 'இல்லை' என்பதே விடை. அப்போது இணையத்திலிருந்து யாரும் நேராக டேட்டாபேஸைத் தொட முடியாது, செயலியின் சர்வர் மட்டும் தொடும். வீட்டு லேப்டாப்பிலிருந்து டேபிள்களைப் பார்க்க வேண்டும் என்று சிலர் 'ஆம்' போடுவார்கள். போட்டாலும் செக்யூரிட்டி குரூப்பில் (யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) உங்கள் ஐபி முகவரிக்கு, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணுக்கு, மட்டும் வழிவிடுங்கள். அங்கே 0.0.0.0/0 என்று எழுதினால் உலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் வழி என்று பொருள். போஸ்ட்கிரெஸின் 5432, மைஎஸ்கியூஎல்லின் 3306 ஆகிய போர்ட்களை, அதாவது வாசல் எண்களை, நாள் முழுவதும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஏராளம்.

இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பிழைச் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம் அவுட்' என்று வந்தால் நீங்கள் வாசலுக்கே போகவில்லை: செக்யூரிட்டி குரூப், பொது அணுகல், போர்ட், இவற்றில் ஒன்று அடைத்திருக்கிறது. உடனடியாக 'பாஸ்வேர்டு தவறு' என்று வந்தால் வழியெல்லாம் சரி, பெயரோ கடவுச்சொல்லோதான் பிசகு. இது தெரியாமல் டைம் அவுட்டுக்குக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். நேற்று வேலை செய்தது இன்று டைம் அவுட் ஆனால், வீட்டு பிராட்பேண்டின் ஐபி முகவரி இரவோடு இரவாக மாறியிருக்கும்.

உருவாக்கும்போது கிடைக்கும் மாஸ்டர் பயனரைச் செயலிக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பயனரால் டேபிளையே அழிக்க முடியும். படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுவதும், கடை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் ஒன்றுதான்.

நேரம்

கிளவுட் இயந்திரங்கள் யூடிசி, அதாவது கிரீன்விச் நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அலுவலக நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் கண்ணில் படாது; தேதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். தோவாளையில் அப்படியில்லை. செப்டம்பர் 12 அதிகாலை 4:10க்குப் போட்ட பில், யூடிசியில் செப்டம்பர் 11 இரவு 10:40. 'இன்றைய விற்பனை' என்று கேட்டால் ஐந்தரை மணிக்குப் பிறகு போட்ட பில்கள் மட்டும் வரும். அதற்கு முன் நடந்த நல்ல வியாபாரம் முழுவதும் முந்தின நாளில் போய் உட்காரும். "மக்களே, காலத்த நடந்த யாவாரம் நேத்து கணக்குலல்லா கெடக்கு?" என்று அப்பா கேட்கும்போது, பூ எங்கே போனது என்று தேடத் தேவையில்லை. தேதி எங்கே வெட்டப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

இதற்கு வழி இரண்டு அடுக்கு. நேரத்தைப் பதியும் பத்திக்கு நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் வகையைக் கொடுங்கள். அது எந்த வலயத்தில் கேட்டாலும் சரியாக மாற்றிக் காட்டும். பிறகு பாராமீட்டர் குரூப்பில் (டேட்டாபேஸின் அமைப்புகளின் தொகுப்பு) டைம்ஜோனை ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். ஆர்டிஎஸ் தரும் இயல்பான குரூப்பைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்றை உருவாக்கி டேட்டாபேஸுக்கு இணைக்க வேண்டும்.

பராமரிப்பு நேரம் என்ற கேள்விக்கும் இதே சங்கடம். 'விருப்பமில்லை' என்று விட்டால், பிராந்தியத்துக்கென்று ஒதுக்கிய எட்டு மணி நேரத்துக்குள் அதுவாகவே ஓர் அரை மணியைத் தேர்ந்துகொள்ளும். அந்த அரை மணி தோவாளையில் தராசு இறங்காமல் ஓடும் நேரமாக இருக்கலாம். திருத்தம் வரும் வாரத்தில் டேட்டாபேஸ் அப்போது சில நிமிடம் நின்றால் வரிசையில் நிற்கும் வண்டிக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். மதியம் இரண்டு மணி என்று வையுங்கள். திரை யூடிசியில் கேட்கும், 08:30 என்று எழுத வேண்டும். தினசரி பேக்கப் நேரத்தையும் இதை ஒட்டி, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று விழாமல், மதியத்துக்கே தள்ளிவிடலாம். எந்தக் கிழமை என்று கேட்டால் முகூர்த்தம் அதிகம் விழாத நாளைக் கடைக்காரரிடமே கேளுங்கள். பஞ்சாங்கம் அமேசானிடம் இல்லை.

பேக்கப்பும் இரட்டை இயந்திரமும்

'மல்டி ஏஇசட்' என்று ஒரு வசதி உண்டு. இன்னொரு கட்டடத்தில் இரண்டாவது இயந்திரம் ஒன்று அதே தகவலோடு தயாராக நிற்கும். முதலாவது விழுந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது வேலையை எடுத்துக்கொள்ளும். விலை ஏறக்குறைய இரட்டிப்பு. இதை வாங்கிவிட்டால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கார்பன் தாள் வைத்து எழுதுவது போன்றது. மேலே தப்பாக எழுதினால் கீழேயும் அதே தப்புதான் விழும். யாரோ எதை அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போட மறந்து எல்லாப் பற்று வரிசைகளையும் அழித்துவிட்டால், இரண்டாவது இயந்திரத்திலும் அந்தக் கணமே அழிந்திருக்கும். இந்தக் கடைக்கு நான் மல்டி ஏஇசட் சொல்லமாட்டேன். அந்தக் காசு மிச்சம்.

பேக்கப்பை விடவே கூடாது. ஆர்டிஎஸ்ஸில் 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். பூக்கடையில் வாரக் கணக்கு, மாதக் கணக்கு பார்க்கும்போதுதான் பிழை தெரியவரும். எனவே ஏழு நாள் போதாது, முப்பதுக்கு மேல் வையுங்கள். கடைசிச் சில நிமிடம் தவிர, அந்த நாட்களுக்குள் எந்த நொடிக்கும் திரும்பிப் போக முடியும். காலை 6:12க்கு அழித்தார்கள் என்றால் 6:11க்குப் போகலாம். ஆனால் திரும்பிப் போவது என்றால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் பழைய நிலைக்கு மாறுவதல்ல. பழைய நிலையோடு புதிதாக இன்னொரு டேட்டாபேஸ் எழும், அதற்குத் தனி முகவரி இருக்கும். தொலைந்த வரிசைகளை அதிலிருந்து எடுத்து இங்கே சேர்க்க வேண்டும், அல்லது செயலியைப் புது முகவரிக்குத் திருப்ப வேண்டும்.

'டிலீஷன் புரொடெக்‌ஷன்' என்ற பெட்டியில் டிக் போடுங்கள். டேட்டாபேஸையே நீக்கும்போது, வைத்திரு என்று தனியே சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்களும் சேர்ந்து போய்விடும். நாமாகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் மட்டும் நிற்கும்.

பில் எங்கிருந்து வருகிறது

இயந்திரத்துக்கு மணிக்கணக்கு, வட்டுக்கு மாதக்கணக்கு, பொது அணுகல் வைத்தால் ஐபி முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் (2024 பிப்ரவரி முதல்), எல்லாவற்றின்மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. கடை இல்லாத நாளில் நிறுத்தி வைத்தால் மிச்சம் என்று தோன்றும். நிறுத்தினாலும் வட்டுக்குக் காசு ஓடும். ஏழு நாள் ஆனதும் டேட்டாபேஸ் தானாகவே எழுந்துகொள்ளும். பழகிப் பார்க்கத் திறந்து, நிறுத்திவிட்டு, மறந்துபோனவர்கள் மாதக் கடைசியில் தலையில் கைவைப்பது இதனால்தான். பட்ஜெட் எச்சரிக்கை ஒன்றை முதல் நாளே போட்டு, மின்னஞ்சல் அப்பாவுக்கும் போகும்படி வையுங்கள். காசு விஷயத்தை அவர் மறக்கமாட்டார்.

செயலியைக் கடையில் இறக்குமுன் ஒரு மதியம் ஒதுக்கி மீட்டுப் பாருங்கள். முந்தின நாள் காலை ஆறு மணிக்குத் திரும்பும்படி புது டேட்டாபேஸ் ஒன்றை எழுப்பி, வரத்து டேபிளில் அந்த மணிவரை எத்தனை வரிசை என்று எண்ணி, ஓடிக்கொண்டிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். விவசாயி எண் 14இன் அந்த மணிவரையிலான பாக்கியும் இரண்டிலும் ஒன்றாக வர வேண்டும். எழும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, சோதனைக்கு எழுப்பியதை அன்றே நீக்கிவிடுங்கள். அதற்கும் மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்.